மந்த காலத்திலும் பயண, மாநாட்டு நிறுவனத்தைத் தாங்கி நடத்துவது எப்படி?

பொருளாதாரம் தள்ளாடத் தொடங்கும்போது ஒரு தொழிற்சாலை தன் மின்கட்டணத்தையோ மூலப்பொருள் செலவையோ உடனே குறைத்துவிட முடியாது. ஆனால் விற்பனைப் பிரிவின் ஆண்டுக் கூட்டத்தையும் டீலர்களுக்கான பாங்காக் பயணத்தையும் ஒரே மின்னஞ்சலில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிடலாம். மந்தம் வரும்போது முதலில் அடிபடுவதும், அது நீங்கும்போது கடைசியாக எழுவதும் நம் தொழிலாக இருப்பதற்கு இதுவே காரணம். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் ஐந்து முதல் இருபது ஊழியர்களோடு, நிறுவனங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து, டீலர் டூர் நடத்தி, கூட்டங்களுக்கும் மாநாடுகளுக்கும் ஏற்பாடு செய்து வாழும் நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஆர்டர் குறைவது வலிக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தை மூட வைப்பது பெரும்பாலும் அது அல்ல. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோதும், 2020 மார்ச்சில் விமானங்கள் அனைத்தும் தரையிறங்கியபோதும், 2023 மே 3 முதல் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றபோதும் நம்மில் பலரிடம் ஆர்டர் இருந்தது, வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். இல்லாமல் போனது பணம். நாம் வசூலித்த தொகை விமான நிறுவனத்திடமும் ஓட்டலிடமும் மாட்டிக்கொண்டிருக்க, வாடிக்கையாளர் நம் வாசலில் நின்று அதைத் திருப்பிக் கேட்டார். ஆகவே, நிச்சயமற்ற காலத்துக்கான ஆயத்தம் என்பது விளம்பரத்திலோ புதிய சுற்றுலாத் தலத்திலோ தொடங்குவதில்லை. எந்த நாளில் எவ்வளவு பணம் யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதில் தொடங்குகிறது.

பணம் யார் கையில் இருக்கிறது?

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே தாளில் மூன்று தொகைகளை எழுதுங்கள். முதலாவது, வாடிக்கையாளர்கள் நமக்குக் கொடுத்து, இன்னும் பயணமோ கூட்டமோ நடக்காத முன்பணம். இரண்டாவது, விமான நிறுவனங்களின் வாலட்டிலும் (டிக்கெட் எடுக்க நாம் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கணக்கு), ஓட்டல்களிடம் டெபாசிட்டாகவும், வெளிநாட்டு ஏற்பாட்டாளர்களிடமும் நிற்கும் நம் பணம். மூன்றாவது, வேலை முடிந்தும் வராத பாக்கி. முதல் தொகைக்கு ஈடாக வங்கியில் பணமோ, அதே குழுவுக்காகச் செலுத்திய டெபாசிட்டோ இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வருமானக் கணக்கில் லாபம் தெரிந்தாலும் நிறுவனம் ஆபத்தில் இருக்கிறது என்றே பொருள்.

ஒரு குழுவின் முன்பணத்தை எடுத்து இன்னொரு குழுவின் ஓட்டல் பாக்கியை அடைக்கும் ரொட்டேஷன் நம் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. புதிய குழுக்கள் வந்துகொண்டே இருக்கும்வரை அது யார் கண்ணுக்கும் தெரியாது. வரத்து இரண்டு மாதம் நின்றால் கடைசியாகப் பணம் கட்டியவரின் பயணம்தான் நின்றுபோகும். இந்தப் பழக்கத்தை விடுவதே இந்தக் கட்டுரை சொல்லும் எல்லாவற்றிலும் முக்கியமானது. வாடிக்கையாளர் முன்பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அந்தக் கணக்கிலிருந்து அதே குழுவின் விமானம், ஓட்டல், விசா, பேருந்து ஆகியவற்றுக்கு மட்டும் பணம் போகட்டும். பயணம் முடிந்து கணக்கு நேரான பிறகு நம் லாபத்தை மட்டும் நடப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். வசூலித்த ஜிஎஸ்டியும், வெளிநாட்டுத் தொகுப்பு விற்கும்போது வாடிக்கையாளரிடம் பிடிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் நம் பணம் அல்ல என்பதால் அவற்றையும் இதே ஒழுங்கில் ஒதுக்கி வையுங்கள்.

இதன் அவசியத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். அறுபது டீலர்களைத் தலைக்கு 55,000 ரூபாயில் பாங்காக் அழைத்துச் செல்வதாகக் கொண்டால் மொத்த வரவு 33 லட்சம். அதில் ஆறு விழுக்காடு லாபம் நின்றால் 1,98,000 ரூபாய். ஏதோ ஒரு ஓட்டலிடம் ஐந்து லட்ச ரூபாய் டெபாசிட் மாட்டிக்கொண்டால், அது இப்படிப்பட்ட இரண்டரைக் குழுக்களின் லாபத்தை விழுங்கிவிடும். மொத்த வரவு பெரிதாகவும் லாபம் மெல்லியதாகவும் இருக்கும் தொழிலில், ஒரே இடத்தில் ஏற்படும் முடக்கம் பல மாத உழைப்பைக் கரைத்துவிடுகிறது. அதனால் எந்த ஒரு விமான நிறுவனத்தின் வாலட்டிலும் இரண்டு மூன்று நாள் விற்பனைக்கு மேல் பணம் வைக்காதீர்கள். அதிகமாக வைத்தால் கூடுதல் ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கோ ஃபர்ஸ்ட் திவால் நடைமுறைக்குள் சென்றபோது முகவர்களின் வாலட் பணம் கடன்காரர்களின் நீண்ட வரிசையில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த பதின்மூன்று வாரங்களுக்கான வரவு, செலவு முன்கணக்கு ஒன்றையும் வைத்திருங்கள். எந்த வாரம் எந்தக் குழுவுக்கு ஓட்டல் தவணை, எந்த வாரம் சம்பளம், எந்த வாரம் வரி, எந்த வாரம் வாடிக்கையாளர் பணம் வரும் என்று வாரவாரியாக எழுதி, வாடிக்கையாளர் பணம் சொன்ன நாளில் வராமல் மூன்று வாரம் தள்ளினால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இந்த இரண்டாவது கணக்குதான் உண்மையான நிலைமையைச் சொல்லும். அவசர இருப்பாக ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் இருந்தால் நல்லது. அது ஒரே ஆண்டில் சேராது. முடிந்த ஒவ்வொரு குழுவின் லாபத்திலிருந்தும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி, எளிதில் எடுக்கக்கூடிய வைப்பில் போட்டுவந்தால் சேரும்.

கடன் கொடுப்பதில் கண்டிப்பு

விமான டிக்கெட்டுக்கு நாம் உடனுக்குடன் அல்லது சில நாட்களுக்குள் பணம் கட்டுகிறோம். நிறுவன வாடிக்கையாளரோ முப்பது நாள், அறுபது நாள் கழித்துத் தருகிறார். அந்த இடைவெளியை நம் பணத்தில் நிரப்புகிறோம். மந்த காலத்தில் அந்த இடைவெளி சொல்லாமல் கொள்ளாமல் நீளும். நம் சேவைக் கட்டணமோ டிக்கெட் விலையில் சிறு துளி. ஆகவே பெரிய வாடிக்கையாளர்களிடம் டிக்கெட் தொகையை அவர்களுடைய நிறுவனக் கடன் அட்டையிலிருந்தே செலுத்தும்படி கேளுங்கள். பணம் நேராக விமான நிறுவனத்துக்குப் போய்விடும். நாம் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் பில் போடலாம்.

சட்டத்திலும் நமக்கு ஒரு பிடி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. அந்தக் கெடுவைத் தாண்டிய தொகையை, உண்மையில் கொடுத்து முடிக்கும்வரை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. வட்டியைக் கேட்டு எந்த வாடிக்கையாளரையும் பகைத்துக்கொள்ள நாம் விரும்ப மாட்டோம். ஆனால் உத்யம் எண்ணையும் கெடு நாளையும் பில்லிலேயே அச்சிட்டுவிட்டால், நிதியாண்டு முடியும் முன் அவர்களுடைய கணக்குப் பிரிவே நம்மைத் தேடி வரும். பதிவு, வேலை தொடங்குவதற்கு முன்பே இருக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு பதிவு செய்து பயனில்லை. வாடிக்கையாளர் பெரிய நிறுவனமாக இருந்தால், பில்லை டிரெட்ஸ் எனப்படும் பில் தள்ளுபடி இணையத் தளங்களில் ஏற்றி, அவர் ஒப்புதலோடு வங்கியிடமிருந்து முன்கூட்டியே பணம் பெறவும் வழி இருக்கிறது.

கூட்டங்களுக்கும் டூர்களுக்கும் கடனே கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. உறுதி செய்யும் நாளில் ஒரு பகுதி, ஓட்டல் தவணைக்கு முன் ஒரு பகுதி, புறப்படுவதற்கு முன் மீதி என்று தவணை வையுங்கள். விருந்து மண்டபத்தில் கடைசி நேரத்தில் கூடிய சாப்பாட்டுக் கணக்கு மட்டும் பிறகு வரலாம். இத்தனை நாள் ஒழுங்காகக் கொடுத்தவர் திடீரென்று பர்சேஸ் ஆர்டரைத் தாமதிக்கிறார், கணக்காளர் தொலைபேசியை எடுக்கவில்லை, பில்லில் சிறு பிழைகளைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார் என்றால், அது அவருடைய பணநெருக்கடியின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்த வாரமே அவருக்கான கடன் வரம்பைப் பாதியாக்குங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

ஓட்டல் ஒப்பந்தத்தை அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வருந்துவோர் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது அறைகளின் குறைந்தபட்ச உத்தரவாதம். நூறு அறைகள் பிடித்து எண்பதுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கும்போது, செலவைக் குறைக்க நினைத்த வாடிக்கையாளர் அறுபத்தைந்து அறைகளுக்கு மட்டும் ஆட்களை அனுப்பினால், பதினைந்து காலி அறைகளுக்கு நாம் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அறைக்கு 6,000 ரூபாய், இரண்டு இரவு என்றால் 1,80,000 ரூபாய். அறை எண்ணிக்கையை அறுபது நாளுக்கு முன்னும் முப்பது நாளுக்கு முன்னும் கட்டணமின்றிக் குறைக்க இடம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மந்த காலத்தில் ஓட்டல்களும் வாடிக்கையாளரைத் தேடுவதால், விலையில் நூறு ரூபாய் குறைப்பதைவிட இந்த இளக்கத்தைக் கேட்பதே நமக்கு அதிக நன்மை. விருந்தில் எத்தனை பிளேட்டுக்கு உத்தரவாதம் என்பதையும் இதே வழியில் பேசி முடிக்கலாம்.

நாம் ஓட்டலுக்கு ஒப்புக்கொண்ட ஒவ்வொரு விதியும் வாடிக்கையாளர் நம்மிடம் ஒப்புக்கொண்ட விதியாகவும் இருக்க வேண்டும். ரத்துக் கட்டணம் ஓட்டல் ஒப்பந்தத்தில் நிகழ்ச்சிக்கு முப்பது நாள் முன்பிருந்து ஐம்பது விழுக்காடு என்றால், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அது முப்பத்தைந்து நாள் முன்பிருந்தே தொடங்கட்டும். அந்த ஐந்து நாள் இடைவெளிதான் நம் பாதுகாப்பு. பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவாக விமான இருக்கை பிடிக்கும்போதும், இருக்கை டெபாசிட், பெயர்ப் பட்டியல், டிக்கெட் எடுக்கும் கடைசி நாள் ஆகிய மூன்றும் வாடிக்கையாளரின் தவணை நாட்களுக்குப் பின்னால் வரும்படி அமையுங்கள்.

பேரிடர் போன்றவை நேர்ந்தால் ஒப்பந்தக் கடமையிலிருந்து விலக்குத் தரும் ‘தவிர்க்க இயலாத நிகழ்வு’ விதியைப் பற்றி நம் தொழிலில் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. பொருளாதாரம் சரிந்தால், விலை ஏறினால், நிறுவனம் பட்ஜெட்டை வெட்டினால் அந்த விதி நம்மைக் காக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது காக்காது. ஒரு கடமையை நிறைவேற்றுவது அதிகச் செலவுடையதாக ஆகிவிட்டது என்பதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது என்பதை 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பணநெருக்கடிக்கு வேறொரு விதியைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்: ரத்து செய்தால் டெபாசிட் போய்விடாமல், பன்னிரண்டு மாதங்களுக்குள் அதே ஓட்டலில் வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி. வெள்ளம், விமான நிலைய மூடல், அரசுத் தடை, தொற்றுநோய் ஆகியவற்றையோ பெயர் சொல்லியே எழுதுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மீண்டும் மூடப்பட்டது. சென்னையில் நவம்பர், டிசம்பரில் நிகழ்ச்சி வைக்கும் எவரும், மண்டபம் நன்றாக இருந்தும் விருந்தினர் வந்து சேர முடியாத நிலையும் அந்த விதிக்குள் அடங்கும் என்று எழுதி வாங்க வேண்டும்.

வெளிநாட்டுக் குழுக்களில் ரூபாய் மதிப்பே பெரிய அபாயம். 2022இன் தொடக்கத்தில் 75 ரூபாய்க்குள் இருந்த டாலர் அந்த ஆண்டு முடியும்போது 82 ரூபாயைத் தாண்டியிருந்தது. மேலே சொன்ன அறுபது பேர் குழுவில், விமானம் தவிர்த்து அங்கே செய்யும் ஏற்பாடு தலைக்கு 400 டாலர் என்றால் மொத்தம் 24,000 டாலர். டாலர் மூன்று ரூபாய் ஏறினால் 72,000 ரூபாய் கூடும், அதாவது நம் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். விலைப்புள்ளியில் எந்த மாற்று விகிதத்தில் கணக்கிட்டோம் என்பதை எழுதுங்கள். அது எத்தனை நாள் செல்லும் என்பதையும், ஒரு ரூபாய்க்கு மேல் மாறினால் வேறுபாடு வாடிக்கையாளருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்பணம் வந்தவுடன் அந்த அளவுக்கு அயல்நாட்டு ஏற்பாட்டாளருக்குச் செலுத்திவிடுவது, அவர் நம்பகமானவராக இருந்தால், எளிய தற்காப்பு. பெரிய தொகையானால் வங்கியில் முன்கூட்டியே விகிதத்தை நிர்ணயித்துக்கொள்ளும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

வரிக்கும் இதே எச்சரிக்கை தேவை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகள் மீதான டிசிஎஸ் 2020 அக்டோபரில் ஐந்து விழுக்காடாக வந்தது. 2023 அக்டோபரில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு இருபது விழுக்காடானது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு பத்து லட்சமாக உயர்ந்தது. ‘பணம் செலுத்தும் நாளில் நடப்பிலுள்ள வரி பொருந்தும்’ என்ற ஒரு வாக்கியம் விலைப்புள்ளியில் இருந்தால் பட்ஜெட் நாளன்று பதற வேண்டியதில்லை.

ஒரே வாசலை நம்பாதிருத்தல்

டீலர் டூர்கள் சிமென்ட், பெயின்ட், உரம், டயர் போன்ற துறைகளிலிருந்தும், மாநாட்டு வேலைகள் மருந்துத் துறையிலிருந்தும் நமக்கு அதிகம் வருகின்றன. ஒரு துறை சுருங்கினால் அதை நம்பியிருக்கும் நிறுவனமும் சுருங்கும். அதற்குப் பொருளாதார மந்தம்கூடத் தேவையில்லை. 2024 மார்ச்சில் வெளியான மருந்து விற்பனை நடைமுறைகளுக்கான சீரான நெறித்தொகுப்பு, மருத்துவர்களுக்கு மருந்து நிறுவனங்கள் பயணமும் ஓட்டலும் ஏற்பாடு செய்வதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது; வெளிநாட்டில் அத்தகைய நிகழ்ச்சிகள் நடத்துவதையும் தடுத்தது. மருந்து நிறுவனங்களின் செலவில் நடந்த வேலைகளை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு இது ஒரே அறிவிப்பில் வாசலை அடைத்தது. ஆனால் உறுப்பினர் கட்டணத்தில் நடக்கும் மருத்துவச் சங்க மாநாடுகள் தொடர்ந்து நடக்கின்றன. எந்த ஒரு வாடிக்கையாளரும் நம் மொத்த லாபத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு துறையும் பாதியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். லாபத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

தலத்துக்கும் இது பொருந்தும். 2025 மே மாதத்தில் துருக்கிக்கும் அஜர்பைஜானுக்கும் செல்லவிருந்த இந்தியக் குழுக்கள் பெருமளவில் ரத்தாயின. அஜர்பைஜான் தலைநகர் பாக்கூவில் டெபாசிட் கட்டியிருந்தவர்கள் சில நாட்களுக்குள் வேறு ஊரைக் காட்ட வேண்டியிருந்தது. விசா எளிதாகக் கிடைக்கும் தாய்லாந்து, மலேசியா, இலங்கை, வியட்நாம் ஆகியவற்றில் நம்பகமான ஏற்பாட்டாளர் ஒருவரையாவது எப்போதும் தொடர்பில் வைத்திருங்கள்.

வாடிக்கையாளர் ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று சொல்லும்வரை காத்திருக்காமல், அவர் பட்ஜெட் போடும் மாதத்திலேயே மூன்று விலைகளில் மூன்று திட்டங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது மிகப் பயன் தரும். நான்கு இரவு வெளிநாடு, இரண்டு இரவு கேரளம், ஒரு பகல் கூட்டம் என்று இறங்குவரிசையில் இருந்தால், நிகழ்ச்சி முழுவதுமாக ரத்தாவதற்குப் பதிலாகச் சிறியதாகவாவது நடக்கும். மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்களைக் கூட்டும் ஒருநாள் கூட்டத்தைச் சென்னைக்குப் பதிலாகத் திருச்சியில் வைத்தால், பலருக்கு இரவுத் தங்கலே தேவைப்படாது. சென்னையிலிருந்து கோவைக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் ஓடுவதால், சில விமான டிக்கெட்டுகளை ரயிலுக்கு மாற்றச் சொல்லி நாமே பரிந்துரைக்கலாம். நம் கட்டணம் சற்றுக் குறைந்தாலும், தன் செலவைக் குறைக்கத் துணைநின்றவர் என்று வாடிக்கையாளர் நினைவில் வைத்திருப்பார். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை இருப்பதை மட்டும் மலைப்பகுதிக் கூட்டங்களுக்குத் தேதி குறிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிறுவனங்களின் பட்ஜெட்டைச் சாராத வருமானமும் சிறிதளவு வேண்டும். காசி, ராமேஸ்வரம், நவக்கிரகத் தலங்களுக்கான யாத்திரைகள், மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து மருத்துவத்துக்காகவும் கோயில்களுக்காகவும் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கான ஏற்பாடுகள் ஆகியவை மந்த காலத்திலும் முற்றிலும் வற்றுவதில்லை.

நல்ல காலத்தில் முடிக்க வேண்டிய வேலைகள்

கொரோனாவில் பாதிக்கப்பட்ட சுற்றுலாத் துறைக்காக 2021 ஜூனில் மத்திய அரசு அறிவித்த உத்தரவாதக் கடன் திட்டத்தில் பயண நிறுவனங்களுக்குப் பத்து லட்சம் வரையிலும் வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் வரையிலும் கடன் கிடைக்க வழி இருந்தது. ஆனால் சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே அது வகுக்கப்பட்டிருந்ததால், ஆண்டுக்கணக்கில் நாணயமாகத் தொழில் செய்த பல சிறு நிறுவனங்கள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அங்கீகாரம், உத்யம் பதிவு, தணிக்கை செய்த கணக்கு, தவறாத ஜிஎஸ்டி தாக்கல் ஆகியவற்றை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். வங்கியில் மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) வரம்பையும் தேவைப்படாத காலத்திலேயே கேட்டு வாங்கி, பயன்படுத்தாமல் வைத்திருங்கள்.

ஊழியர்களைப் பொறுத்தவரை, விசா விவரமும் ஓட்டல் தொடர்புகளும் அறிந்த செயல்பாட்டு ஊழியரை இழந்தால் தொழில் மீளும்போது அவரைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். சம்பளக் குறைப்பு தவிர்க்க முடியாததானால் உரிமையாளரிடம் தொடங்கட்டும்; காரணத்தையும் எத்தனை மாதம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். டிக்கெட் போடுபவர் நிகழ்ச்சி வேலையையும், நிகழ்ச்சி வேலை பார்ப்பவர் விசா வேலையையும் ஓரளவு கற்றிருந்தால், குறைந்த ஆட்களோடு சில மாதங்களைக் கடக்கலாம்.

பணம் திரும்பக் கேட்கப்படும் நாள்

ஊரடங்குக் காலத்தில் ரத்தான டிக்கெட்டுகளைப் பற்றி 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முகவர் வழியாக எடுத்த டிக்கெட்டின் பணம் விமான நிறுவனத்திடமிருந்து வந்ததும் முகவர் அதை உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. இதற்கு ஒவ்வொரு பிஎன்ஆருக்கும் (டிக்கெட் பதிவு எண்ணுக்கும்) தனி வரி கொண்ட ரீஃபண்ட் பதிவேடு தேவை: யாருடையது, எவ்வளவு, விமான நிறுவனத்திடம் எப்போது கேட்டோம், எப்போது வந்தது, எப்போது கொடுத்தோம். ரசீதிலும் மொத்தத் தொகையை ஒரே எண்ணாகப் போடாமல், விமானத்துக்கு இவ்வளவு, ஓட்டலுக்கு இவ்வளவு, விசாவுக்கு இவ்வளவு, நம் கட்டணம் இவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். சிக்கல் வரும் நாளில் எந்தப் பணம் யாரிடம் இருக்கிறது என்பதை வாடிக்கையாளருக்குக் காட்ட அந்த ரசீதே சான்றாகும். செய்தி வெளியான அன்றே, தெரிந்தவரை சொல்லி, வாடிக்கையாளரை நாமே தொலைபேசியில் அழைக்க வேண்டும். இரண்டு நாள் மௌனம் இருபது ஆண்டு நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

இறுதியாக, எந்த அறிகுறி தெரிந்தால் எந்த முடிவு என்பதைப் பதற்றமில்லாத நாளிலேயே எழுதி வையுங்கள். அடுத்த மூன்று மாத உறுதியான ஆர்டர்கள் சென்ற ஆண்டின் இதே காலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் புதிய செலவுகள் நிறுத்தம். பாதியாகக் குறைந்தால் உரிமையாளரின் சம்பளம் பாதி, அலுவலக வாடகை குறித்துப் பேச்சுவார்த்தை. அவசர இருப்பு மூன்று மாதத்துக்குக் கீழே இறங்கினால், முழு முன்பணம் தராத எந்தப் புதிய குழுவும் ஏற்கப்படாது. இந்தத் தாளைக் கணக்காளரிடமும் பங்குதாரரிடமும் ஒவ்வொரு படி கொடுத்து, எல்லை தொடப்பட்ட வாரத்தில் உங்களுக்கு அதை நினைவூட்டும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படையுங்கள்.